ஐந்தாவது பாட்டில் ஒரு பேரிங்

என் மச்சினனின் முதல் இசைத்தொகுப்பை ஒழித்துக்கட்டியது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. என் காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு ஆவலோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிடம் பொறுத்துவிட்டு, பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அன்று சாயங்காலமே மொத்தத்தையும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டான். என் மனைவி இரண்டு வாரம் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பி மேல் அவளுக்கு உயிர்.

இப்போது ஒன்றரை வருடம் உழைத்து இரண்டாவதை முடித்திருக்கிறான். சைக்கடெலிக் டிரான்ஸ் என்று அதற்குப் பெயர். எட்டுப் பாட்டு, ஒன்றிலும் ஒரு வார்த்தை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இணையத்தில் வெளியிடுவதற்கு முன் மாமாதான் அபிப்பிராயம் சொல்ல வேண்டுமாம். நண்பர்களெல்லாம் கேட்பதற்கு முன்பே சூப்பர் என்று சொல்லிவிடுகிறார்களாம். மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: 'நல்லா இருக்கு' என்பதற்கு மேல் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரக்கூடாது. இதையும் அவன் அழித்தால் நான் வீட்டுப் பக்கமே வர வேண்டாம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். வெள்ளிக்கிழமை மதியம், வேலைக்கு நடுவில் வேனில் உட்கார்ந்து கேட்டேன். பொய்யே சொல்வதானாலும் கேட்டுவிட்டுச் சொல்வதுதானே மரியாதை. ஆனால் எனக்குப் பிடித்துத் தொலைத்துவிட்டது. இரண்டாவது பாட்டில் கால் தானாக ஆட ஆரம்பித்தது. இருபத்தைந்து வருடமாக மோட்டார்களோடு குப்பை கொட்டுகிறவன் நான். நிற்காமல், திணறாமல், ஒரே சீராக ஓடுகிற எதுவும் எனக்குப் பிடிக்கும். அடியில் ஒரு தாளம் தடதடவென்று ஓட, அதன் மேல் ஒவ்வொரு சத்தமாக ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. 'நல்லா இருக்கு' என்று மனசாரவே சொல்லிவிடலாம் என்று நிம்மதியானேன்.

ஐந்தாவது பாட்டு, நாலாவது நிமிடம். தாளத்துக்கு அடியில் 'கர்ர்... கர்ர்...' என்று ஒன்று கேட்டது. திரும்பப் போட்டுக் கேட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டேன். சந்தேகமே இல்லை, பேரிங் தேய்ந்துபோன லிஃப்ட் மோட்டார்.

சொன்னால் அழித்துவிடுவான். சொல்லாவிட்டால் அந்த லிஃப்ட் எங்கேயோ ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும், என்றைக்கு நடுவழியில் நிற்குமோ. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் போன் போட்டேன்.

"அஞ்சாவது பாட்டுல கர்ர்னு ஒரு சத்தம் வருதே, அது எங்க எடுத்தது?"

யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் அதை அவ்வளவு ஆழத்தில் புதைத்து வைத்ததாகச் சொன்னான். எடுத்தது அவன் குடியிருக்கும் கட்டடத்திலேயே. அவன் அறை கடைசி மாடியில், மோட்டார் அறைக்கு நேர் கீழே. சாயங்காலம் லிஃப்ட் நிறைய ஆட்களோடு மேலே ஏறும்போது மட்டும் அந்தச் சத்தம் வருமாம்.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் என் பொறுப்பில் இருப்பது. போன மாதம் அதைக் காலியாக ஏற்றி இறக்கிப் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டதும் சாட்சாத் நானேதான்.

அன்றே போய் லிஃப்டை நிறுத்தினேன். சனிக்கிழமை காலையில் கூட்டாளியும் நானுமாக மோட்டாரைப் பிரித்து, மதியத்துக்குள் புது பேரிங் மாட்டினோம். பழையதைத் துணியால் துடைத்து மச்சினன் கையில் கொடுத்தேன். சுழற்றிப் பார்த்தான். கர்ர் என்றது. அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

"அப்போ இந்தச் சத்தத்த எடுத்துடணுமா மாமா?"

"லிஃப்ட்லேர்ந்து எடுத்தாச்சு. பாட்டுல இருக்கட்டும்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கூச்சமாகிவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து என் மனைவி அவனுக்குப் போன் செய்தாள். மாமா ஒழுங்கு மரியாதையாக நல்லா இருக்கு என்று சொன்னாரா இல்லையா என்று அவள் விசாரிப்பது என் காது வரைக்கும் வந்தது.

"அதெல்லாம் சொல்லலக்கா," என்றான் அவன், பழைய பேரிங்கைச் சுழற்றிக்கொண்டே. "ஆனா மாமா பாட்டக் கேட்டிருக்காருக்கா."