ஒரு கை புக்கை

யோகலிங்கம் சைக்கிள் ஹாண்டிலில் ஒரு போத்தல் மண்ணெண்ணெயைக் கொழுவி, கரியரில் மனைவி நாகேஸ்வரியை ஏற்றிக்கொண்டு விசுவமடுவிலிருந்து புதுக்குடியிருப்புக்கு மிதித்தான். ஸ்கேன் மெஷின் ஜெனரேற்றரில்தான் ஓடும். ஜெனரேற்றருக்குத் தீனி நோயாளிதான் கொண்டுபோக வேண்டும். போரும் பொருளாதாரத் தடையுமாக இருந்த தொண்ணூற்றெட்டாம் ஆண்டு வன்னியில் அதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. மிளகாய்க்கன்றுக்குத் தண்ணீர் இறைக்க வைத்திருந்த எண்ணெய் அது. கன்று இரண்டு நாள் தாகம் தாங்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஆறு மாதத்துக்கு முன் நாகேஸ்வரியின் பித்தப்பைக்குள் ஒரு சதைமுளை இருப்பதை அதே மெஷின் காட்டியிருந்தது. ஏழு மில்லிமீற்றர். மெல்லிய காம்பில் சின்னதாகத் தொங்கும்வரை பெரிய பயமில்லை. பருத்து, அடி அகன்று, பையின் சுவரும் தடித்தால் புற்றுநோயாக இருக்கலாம், கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்று டொக்ரர் அம்மா சொல்லியிருந்தார். கொழும்பு என்றால் வன்னியை விட்டு வெளியே போக அனுமதி, பாஸ், வேண்டும். முன்வீட்டுச் சின்னராசா தன் கண்ணைக் காட்டப் போவதற்கு நாலு மாதமாகப் பாஸுக்கு அலைகிறான். இந்த ஆறு மாதமும் யோகலிங்கம் நாகேஸ்வரியின் முகத்தை நேரே பார்த்துக் கதைத்ததில்லை. பார்த்தால் அழுதுவிடுவான்.

ஸ்கேனுக்குப் பூசும் களிம்பு வருவதில்லை, தேங்காயெண்ணெய்தான். டொக்ரர் அம்மா அதை வயிற்றில் தடவி, இடப்பக்கம் திரும்பச் சொல்லிப் பார்த்தார். கல்லென்றால் உருண்டிருக்கும். இது உருளவில்லை. பை சுருங்கிக் கிடந்தது. சுவர் தடிப்பு. முளை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை.

“காலமை ஏதும் சாப்பிட்டனீங்களோ?”

“இல்லை டொக்ரர். பச்சைத்தண்ணியும் குடிக்கேல்லை.”

இரண்டாம் தரமும் கேட்டார். அதே பதில். டொக்ரர் அம்மா பெருமூச்சு விட்டு, கொழும்புக்குக் கடிதம் எழுதக் கடதாசியை இழுத்தார்.

யோகலிங்கம் அந்தக் கடதாசியைப் பார்த்தான். அப்போதுதான் விடியக்காலை அம்மன் கோயிலில் பூசாரி பொங்கி நீட்டிய பச்சரிசிப் புக்கை ஞாபகம் வந்தது. நாகேஸ்வரி அதைக் கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் அம்மன் தந்ததைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சொன்னால் மனிசிக்கு வெட்கம், அம்மனுக்கும் குறை. சொல்லாவிட்டாலோ கொழும்பு.

“டொக்ரர், இவ கோயில்ல ஒரு கை புக்கை வாங்கினவ.”

நாகேஸ்வரி முறைத்தாள். “அது சாப்பாடே? பிரசாதமெல்லோ.”

பேனை நின்றது. “தேங்காய்ப்பால் விட்டதோ?”

“ஓம், முதற்பால்.”

கொழுப்பு உள்ளே போனால் பித்தப்பை பித்தத்தைப் பிழிந்துவிட்டுச் சுருங்கிவிடும், சுவர் தடித்ததுபோலத் தெரியும் என்று டொக்ரர் அம்மா விளக்கினார். அவர் கோபிக்கவில்லை. “அம்மன் தந்ததெண்டு பித்தப்பைக்குத் தெரியாது. நாளைக்கு வெறும் வயித்தோட வாங்கோ.”

அடுத்த நாளுக்கு எண்ணெய் இல்லை. கேட்காமலே சின்னராசா தன் விளக்கு எண்ணெயைப் போத்தலில் வார்த்துக் கொடுத்தான்.

மறுநாள் பை நிறைந்து, திரையில் கருங்குளமாக விரிந்து கிடந்தது. சுவர் மெல்லிசு. முளை ஒரு நூல்காம்பில் தொங்கியது. டொக்ரர் அம்மா மூன்று தரம் அளந்தார். ஏழு. அதே ஏழு.

“வளரேல்லை. இப்போதைக்குப் பயப்பிட வேண்டாம். ஆறு மாசத்தால திரும்பப் பாப்பம்.”

யோகலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டான். டொக்ரருக்கு, சின்னராசாவுக்கு, நேற்று வாய் திறக்க வைத்த ஏதோ ஒன்றுக்கு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டான். பிறகு ஆறு மாதத்துக்குப் பின் முதல்முறையாக நாகேஸ்வரியின் முகத்தைப் பார்த்தான். கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

ஜெனரேற்றர் நின்றது. நாகேஸ்வரி எழுந்து தன் துணிப்பைக்குள் கைவிட்டு ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள். இன்றும் கோயிலுக்குப் போயிருக்கிறாள். வாயில் மட்டும் வைக்கவில்லை.

“இனிச் சாப்பிடலாமோ டொக்ரர்?”

“ஓம்.”

அவள் இலையைப் பிரித்து முதலில் டொக்ரர் அம்மாவிடம் நீட்டினாள். தானும் விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடாத டொக்ரர் அம்மா, எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஒரு கை அள்ளி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.