கையெழுத்துப் போடாத வசவு

வரோனெஷ், 1978 நவம்பர் 17, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் எனக்கே நம்பிக்கை வராது.

மாலை நாட்டுப்புறவியல் வகுப்பில் கொடுத்த வேலை இது: அடுத்த இனத்தாரைக் கேலி செய்யும் இரண்டு சொற்கள், அவை பிறந்ததற்கு மக்கள் சொல்லும் கதை. சொல்லுக்கு ஓர் அட்டை. சொன்னவர் கையெழுத்து கட்டாயம். அட்டை இல்லையேல் தேர்வு இல்லை. போன வருடமே ஒரு தேர்வைக் கோட்டைவிட்டவள் நான்.

எங்கள் டயர் ஆலையில் உக்ரேனியரான பனாஸும் ருஷ்யரான யெர்மீலும் இருபது வருடமாக ஒரே இயந்திரத்தில் நிற்கிறார்கள். செவ்வாய் மதியம் கேன்டீனில் அட்டைகளோடு அவர்கள் எதிரே உட்கார்ந்தேன்.

"டேய் கத்ஸாப், உப்பைத் தள்ளு," என்று ருஷ்யருக்கான கேலிப்பெயரோடு ஆரம்பித்தார் பனாஸ்.

"பன்னிக்கொழுப்புல ஊறுற ஹஹோலுக்கு உப்பு எதுக்குடா?" உக்ரேனியருக்கான கேலிப்பெயரால் திருப்பிக் கொடுத்தார் யெர்மீல்.

அட்டையை நீட்டினேன். பனாஸின் கரண்டி பாதியில் நின்றது.

"கத்ஸாப்பா? நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?"

"இப்பத்தான், உப்பு கேட்டப்ப."

"வாயால சொல்றது வேற, காப்பா பொண்ணே. கையெழுத்துப் போட்டா நாளைக்கு யூனியன்ல கூப்பிட்டு விசாரிப்பான்."

யெர்மீலும் அட்டையைத் திருப்பித் தள்ளினார். "நான் இவனைத் தோழர்னுதான் கூப்பிடுவேன். அப்படியே எழுதிக்க."

அவர்கள் பேரில் நானே கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றுகூட அன்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பனாஸோடு யெர்மீலே வந்தார். "அடுத்தவனைச் சொன்னாத்தானே குத்தம்? என்னை நானே சொல்லிக்கிட்டா?" என்று பேனாவை வாங்கினார். "எங்க ஆளுங்க தாடிக்காரங்க. மழிச்ச மூஞ்சிக்காரங்களான இவனுங்க, 'ஆட்டுக்கடா மாதிரி'ன்னு அவங்க பேச்சுல 'யாக் த்ஸாப்'னு சொன்னது கத்ஸாப் ஆச்சு. எழுதியாச்சு."

"அப்போ என்னுது எனக்கு," என்று பனாஸும் கையெழுத்துப் போட்டார். "ஹஹோல்னா எங்க பழைய குதிரைவீரருங்க, அந்தக் கொசாக்குங்க, மொட்டைத் தலையில விட்ட குடுமி."

"உன் குடுமி எங்கடா?"

பனாஸ் வழுக்கையைத் தடவினார். "காத்துல போச்சு. பேரு நிக்குது."

நேற்று வகுப்பில் ஆசிரியை, குடுமியை ஏற்றுக்கொண்டார். ஆட்டுக்கடா என்பது மக்கள் கட்டிய கதையாக இருக்கலாம், துருக்கிய மொழியில் கசாப்புக்காரனைக் குறிக்கும் சொல் என்றும் சிலர் சொல்கிறார்கள் என்றார். பிறகு கேட்டார்:

"திட்டு வாங்கினவங்க கையெழுத்து இருக்கு. திட்டினவங்க எங்கே?"

"திட்டினவங்களும் இவங்கதாங்க."

வகுப்பே சிரித்தது. தேர்வுக்கு அனுமதி கிடைத்தது.

இன்று மதியம் அந்த மகிழ்ச்சியில் வாய் தவறிவிட்டேன். "பரீட்சைக்கு விட்டுட்டாங்க ஹஹோல்!" என்று பனாஸின் தோளைத் தட்டினேன்.

கரண்டியை வீசியவர் யெர்மீல். "அவனை அப்படிக் கூப்பிட நீ யாரு? இருபது வருஷம் அந்த மெஷின்ல நின்னுட்டு வா!"

மன்னிப்புக் கேட்டு, உப்பைப் பனாஸிடம் நகர்த்தினேன்.

"பாருடா கத்ஸாப்," என்றார் பனாஸ், "கேக்காமலே தள்ளுது பொண்ணு."