கேட்டு வாங்கிய இரண்டு பீரியட்

கணக்கு டீச்சருக்கு ஆசிரியர் அறையில் ‘நேரமில்லை டீச்சர்’ என்றே பெயர். எந்தக் கூட்டத்திலும் அவர் பாடும் பாட்டு அதுதான்.

“புதுசா சொல்லிக்குடு, புதுசா சொல்லிக்குடுன்னா எப்படி மேடம்? யோசிக்க நேரம் குடுங்க. அப்புறம் பாருங்க.”

தலைமையாசிரியை ஒருநாள் கொடுத்தேவிட்டார். புதன்கிழமைதோறும் மதியம் இரண்டு பீரியட் டீச்சருக்கு வகுப்பு கிடையாது. பின்னக் கணக்கை வேறு விதமாகச் சொல்லித்தர ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை அவருடைய ஆறாம் வகுப்பை பி.டி. மாஸ்டர் பார்த்துக்கொள்வார். கால்பந்து அணிக்கு அவர் பயிற்சி கொடுக்கும் நேரம் அது. ஆனாலும் மாஸ்டர் முகம் சுளிக்கவில்லை.

“டீச்சர் நல்லது பண்ணப் போறாங்க. டீம் பசங்க தானா ஆடிக்கட்டும்” என்றார்.

முதல் புதன், டீச்சர் பழைய ஆய்வகத்தில் மேசையைத் துடைத்துக் காகிதமும் கலர் பேனாவும் பரப்பி உட்கார்ந்தார். ஒன்றும் தோன்றவில்லை. மணி அடிக்கும்வரை விடைத்தாள் திருத்தினார். அடுத்த புதன் அக்காவுக்குப் போன் போட்டார்.

“ஒண்ணுமே ஓடலைக்கா. இந்த ரூம்ல ஒரே புழுக்கம்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று அக்கா சிரித்தாள். டீச்சருக்குச் சுருக்கென்றது.

அதற்கடுத்த வாரம் மேசையில் தலை வைத்துத் தூங்கியே போனார். ஏதோ சத்தத்தில் கண் விழித்தால், சாக்பீஸ் எடுக்க வந்த மாஸ்டர் பூனைபோலப் பின்வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். டீச்சர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் யாரோ மாஸ்டரைச் சீண்டினார்கள். “என்ன மாஸ்டர், உங்க டீம் நாலு கோல் வாங்கிட்டு வந்திருக்காமே?”

“பயிற்சி பத்தலை. போகட்டும். அங்க டீச்சர் மண்டையைப் போட்டு உடைச்சிக்கிறாங்க, ரூம் பூரா பேப்பர்.”

கேலியாகச் சொல்கிறாரா என்று டீச்சர் ஓரக்கண்ணால் பார்த்தார். இல்லை, காப்பாற்றத்தான் சொல்கிறார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கையிலிருந்த டீ ஆறிப்போனது.

அடுத்த புதன் அவர் ஆய்வகத்துக்குப் போகவில்லை. வகுப்புக்குப் போய், “நீங்க கிரவுண்டுக்குப் போங்க மாஸ்டர்” என்று அனுப்பிவிட்டு, கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“பின்னத்துல என்ன புரியலை?”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இத்தனை நாளா ஒருத்தருக்கும் சந்தேகமே வரலையா?”

பக்கத்திலிருந்த சிறுமி மெல்லச் சொன்னாள். “கேட்டா ‘இப்ப நேரமில்லை, உக்காரு’ன்னுவீங்க டீச்சர்.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. வெளியே வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். டீச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“இப்ப கேளும்மா.”

“மூணைவிட நாலு பெரிசு. அப்புறம் மூணுல ஒண்ணைவிட நாலுல ஒண்ணு எப்படிச் சின்னதாகும்?”

பாதி வகுப்பு நிமிர்ந்து பார்த்தது. வருஷா வருஷம் விதியாக ஒப்பிக்க வைத்துக் கடந்துபோன இடம். டீச்சர் பெஞ்சுக்கு இரண்டு தாள் கொடுத்து, ஒன்றை மூன்று பேருக்கும் மற்றதை நான்கு பேருக்கும் சமமாகக் கிழிக்கச் சொன்னார். கிழித்தார்கள், பங்கு சிறுத்துவிட்டதென்று சண்டை போட்டார்கள், இன்னும் கேட்டார்கள். மணி அடித்தபோதும் கைகள் உயர்ந்தே இருந்தன.

அதன்பின் அந்த இரண்டு பீரியடும் கேள்விக்கென்றே ஆயின. தலைமையாசிரியைக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

“இந்த முறைக்கு என்ன பேர் வைக்கலாம்?”

“பேரெல்லாம் வேண்டாம் மேடம். கேக்க விட்டேன், அவ்வளவுதான்.” டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். தலைமையாசிரியை அதை அடக்கம் என்று நினைத்துப் பாராட்டினார். அது இன்னும் குத்தியது.

சாயங்காலம் மைதானத்தில் மாஸ்டரைத் தேடிப் போனார்.

“மாஸ்டர், அன்னைக்கு நான் தூங்கிட்டேன்.”

“தெரியுமே! குறட்டை வராண்டா வரைக்கும் கேட்டுச்சே” என்று மாஸ்டர் சிரித்தார்.

கூடவே சிரிக்கப் பார்த்தார் டீச்சர். காதெல்லாம் சுட்டது. தோற்றுப்போன அந்த ஆட்டத்துக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அவர் வார்த்தை தேடிக்கொண்டிருக்கையில், மாஸ்டர் விசில் ஊதிக்கொண்டே பசங்களை நோக்கி ஓடிவிட்டார்.