வலது பக்கத்து மச்சம்

மதுரிமா என்ற பெயரைச் சொன்னால் இன்றைக்கும் பல்லை இளிக்கிற ஆண்கள் எங்கள் கேரளத்தில் உண்டு. இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். அவர்கள் அன்று பகல் காட்சியில் வாயைப் பிளந்து பார்த்த உடம்பு மதுரிமாவுடையது இல்லை, என்னுடையது. இருபது வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் ஆட்டோ ஓட்டுகிற என் சிவராமனுக்கு, நான் சினிமாவில் நடிகைகளுக்குக் கொண்டை போட்டேன் என்பது மட்டும்தான் தெரியும்.

அதுவும் பொய்யில்லை. ஒற்றப்பாலத்திலிருந்து போய் யூனிட்டில் முடி கட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். சின்னக் கம்பெனி, அதனால் மேக்கப்பும் என் தலையில்தான். பத்து நாளில் ஒரு படம். பீருமேட்டில் ஒரு பழைய பங்களா, கிழட்டு எஸ்டேட் முதலாளி, அவருக்கு இளம் மனைவி, ஒரு டிரைவர், பக்கத்தில் ஒரு ஓடை. கதை என்ன என்று யாராவது கேட்டால் எங்கள் மேனேஜர் பாப்பச்சன் சார், "அதான் ஓடை இருக்கே" என்பார்.

இளம் மனைவி எப்போதும் மதுரிமாதான். நிஜப் பெயர் ஏலிக்குட்டி, இரிஞ்ஞாலக்குடைக்காரி. கணவன் பவுலோஸ் லாரி டிரைவர். மகள் ஜின்சிக்கு மூன்று வயதாகும்போது அவன் அங்கமாலி பக்கத்தில் வண்டியோடு கவிழ்ந்து செத்தான். கூட்டத்தில் நிற்கிற வேலைக்குத்தான் சினிமாவுக்கு வந்தாள். நின்ற இடத்திலேயே அவளைப் பிடித்து ஓடையில் இறக்கிவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் இருபத்தேழு படம். ஊரில் சுவர் பாக்கியில்லாமல் அவள் போஸ்டர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முக்காடு போட்டுக்கொண்டு, தெரிந்தவர்கள் இல்லாத சர்ச்சாகத் தேடிப் போவாள்.

அவளிடம் ஒரு கறார் உண்டு. நெஞ்சுக்கு மேலே, முட்டிக்குக் கீழே. அதைத் தாண்டிக் கேமரா வரக்கூடாது. எத்தனை பெரிய டைரக்டர் கெஞ்சினாலும், "நடுவுல இருக்கறது உங்க படத்துக்கு இல்ல சாரே" என்று துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்துவிடுவாள். இதற்குக் காரணம் ஜின்சி. மாமியார் வீட்டார் குழந்தையைப் பிடுங்கப் பார்த்தபோது, பங்குத் தந்தை வட்டோலி அச்சன் நடுவில் இருந்து ஒரு பேச்சு முடித்துவைத்தார். பிழைப்புக்கு நடிக்கலாம், அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் குழந்தை பவுலோஸின் அம்மாவிடம் போகும். அதுவரை ஜின்சி கன்னியாஸ்திரிகள் ஹாஸ்டலில் படிப்பாள், லீவுக்கு அம்மாவிடம் வருவாள். அந்தப் பேச்சை ஏலிக்குட்டி வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் படம் ஓட வேண்டுமே. அதற்குத்தான் பிட்டு, உடம்பைக் காட்டுகிற துண்டு ஃபிலிம். சென்சாருக்குப் போகிற படத்தில் அது இருக்காது. தனியாக எடுத்து, பெயர் எழுதாத டப்பாவில் போட்டுத் தியேட்டருக்கு அனுப்புவார்கள். ஆபரேட்டர் அவன் இஷ்டத்துக்கு நடுவில் வெட்டி ஒட்டுவான். அதில் நடிக்கச் சென்னையிலிருந்து டூப் வரும், முகம் தெரியாது. ஏலிக்குட்டி பாப்பச்சன் சாரிடம் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறாள். "அது தியேட்டர்காரன் பண்ற அயோக்கியத்தனம், எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லடீ" என்று அவர் அந்தோணியார் மேல் சத்தியம் செய்தார். அந்தோணியார் பாவம்.

ஒரு தடவை சென்னைப் பெண் வரவில்லை. பாப்பச்சன் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வல்சலே, நீயும் அவ நிறந்தான்."

"போங்க சாரே, எனக்குப் புருஷன் இருக்கான்."

"புருஷன் உன் முகத்தத்தானே பாப்பான்? முகம் வராதுடீ. அரைநாள் வேலை."

ஏன் ஒத்துக்கொண்டாய் என்றால் பணத்துக்காக என்பேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல வாய் கூசுகிறது. ஊரே பார்த்து விசிலடிக்கிற அழகிக்குத் தினமும் பவுடர் போட்டுப் போட்டு, எனக்கும் ஒரு விசில் வேண்டும் என்று ஆகிவிட்டிருந்தது. முகம் வராது, அதனால் பாவமும் வராது என்று கணக்குப் போட்டேன். அந்தப் பாவம் வேறொருத்தி முகத்தில் போய் ஒட்டும் என்று தோன்றவே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏலிக்குட்டி லாட்ஜுக்குப் போனதும் என் வேலை நடக்கும். முதல் பிட்டு பாலக்காட்டில் மண்ணைக் கவ்வியது. "டூப்பு! டூப்பு!" என்று கத்தித் திரையில் சோடா மூடிகளை எறிந்தார்களாம். ஏலிக்குட்டிக்கு இடது காறை எலும்புக்குக் கீழே உளுந்து அளவில் ஒரு மச்சம் உண்டு. ஓடைக் காட்சிகளில் பார்த்துப் பார்த்துப் பையன்களுக்கு அது மனப்பாடம். பிட்டில் மச்சத்தைக் காணோம்.

"அவ்வளவுதானே? வரைஞ்சுட்டாப் போச்சு" என்றேன். யாரும் கேட்காமல் நானே சொன்னேன். தொழில்காரி என்ற திமிர்.

அவளுடைய போட்டோ ஒன்றைக் கண்ணாடி ஓரத்தில் செருகிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்து என் மேல் வரைந்தேன். போட்டோவில் மச்சம் எனக்கு வலது கைப் பக்கம் தெரிந்தது. கண்ணாடியிலும் அதே பக்கம் புள்ளி வைத்தேன். அச்சு அசல். எடுத்து முடித்துச் சாயந்திரம் குளிக்கும்போதுதான் உறைத்தது. போட்டோவில் இருப்பவள் நம்மைப் பார்த்து நிற்கிறாள், கண்ணாடியில் இருப்பது நான். அவளுக்கு இடது, எனக்கு வலது. பாப்பச்சன் சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "பாக்கறவன் இடது வலதா பாப்பான்? மச்சம் இருக்கான்னு பாப்பான்" என்று சிரித்தார். அவர் சொன்னதுதான் நடந்தது, யாரும் கத்தவில்லை. மாற்றினால் சந்தேகம் வரும் என்று அடுத்த நாலு படத்திலும் வலது பக்கமே வரைந்தேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் ஒருநாள் ஏலிக்குட்டி மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என் கையைப் பிடித்தாள்.

"வல்சலா, ஞாயித்துக்கிழமை என்கூட ஊருக்கு வர்றியா? லோனப்பன் அச்சன்கிட்ட போய்ப் பத்த வச்சிட்டான். நான் பிட்டுல நடிக்கிறேனாம். ஜின்சியக் கேக்கறாங்க."

லோனப்பன் பவுலோஸின் தம்பி.

"நான் வந்து என்ன சேச்சி சொல்றது?"

"உள்ளதச் சொல்லு. ரெண்டு வருஷமா என் மேல பவுடர் போடறவ நீ. அது நான் இல்லேன்னு நீ சொன்னா அச்சன் கேப்பாரு. சினிமாக்காரங்கள்ல வேற யாரை நான் கூட்டிட்டுப் போக முடியும், சொல்லு?"

வருகிறேன் என்றேன். வராவிட்டால் ஏன் என்று கேட்பாளே.

சர்ச்சை ஒட்டிய பள்ளிமேடையில், அச்சனின் அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மாமியார் குஞ்ஞன்னம் வெள்ளைச் சட்டையும் முண்டுமாக, மடியில் ஜெபமாலை. லோனப்பன் புதுச் சட்டை, தலையில் வழிய எண்ணெய். ஏலிக்குட்டி காதில் தோடுகூட இல்லாமல் வந்திருந்தாள்.

"என் கண்ணால பாத்தேன் அச்சா" என்று லோனப்பன் ஆரம்பித்தான். "திருச்சூர்ல. சொல்லவே நாக்கு கூசுது."

"எத்தன தடவ பாத்தே லோனப்பா?" என்றாள் ஏலிக்குட்டி.

"மூணு தடவ. சாட்சின்னா சும்மாவா, உறுதி பண்ண வேண்டாமா?"

அச்சன் சிரிப்பை இருமி அடக்கினார். "முகம் தெரிஞ்சுதா?"

"முகம் தெரியல. மச்சம் தெரிஞ்சுது. எங்க வீட்டுக்கு மருமகளா வந்தவ. அம்மாவுக்குத் தெரியாதா அந்த மச்சம்?"

குஞ்ஞன்னம் ஜெபமாலையைப் பார்த்தபடி தலையை ஆட்டினாள்.

"எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று ஏலிக்குட்டி கேட்டாள். சும்மாதான் கேட்டாள், பதிலுக்குப் பதில் பேசுகிற வேகத்தில்.

"வலது பக்கம்."

ஏலிக்குட்டி எழுந்தே நின்றுவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எந்த லைட்டிலும் நான் பார்த்ததில்லை. "எனக்கு இடது பக்கம் அச்சா! இடது! மடத்துலேர்ந்து மதர் சுப்பீரியரக் கூப்பிடுங்க, காட்டறேன். அது நான் இல்ல, எவளோ வரைஞ்சுட்டு வந்திருக்கா!"

லோனப்பனுக்கும் ஒரு பதில் கிடைத்துவிட்டது. "ஆபரேட்டர் என் சிநேகிதந்தான் அச்சா. பிட்ட அவசரத்துல ஒட்டும்போது ஃபிலிம் திரும்பிக்கும்னு அவனே சொல்லியிருக்கான். திரும்பினா இடது வலதாத்தானே தெரியும்?"

அதுவும் நடக்கக்கூடியதுதான். அச்சன் கண்ணாடியைக் கழற்றி என் பக்கம் திரும்பினார்.

"மோளே, நீதானே மேக்கப்? நீ சொல்லு. அது நிஜ மச்சமா, வரைஞ்ச மச்சமா?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏலிக்குட்டி சிரித்துக்கொண்டே பார்த்தாள், ஜெயித்துவிட்டவள் மாதிரி. வரைந்தது என்று ஒரு சொல் போதும். யார் வரைந்தது என்பார். நான்தான் என்பேன். யார் மேல் என்பார். லோனப்பன் மூன்று தடவை பார்த்த உடம்பு அவனுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாது அச்சா. நான் முடி மட்டுந்தான் கட்டுவேன்."

"வல்சலா?" என்றாள் ஏலிக்குட்டி.

"படத்துல என்ன பண்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் மத்தியானத்தோட போயிடுவேன்."

பிறகு பேச்சு அதிகம் இல்லை. ஜின்சி பாட்டி வீட்டுக்குப் போகட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை சர்ச் திருநாளில் அம்மா வந்து பார்க்கலாம் என்று அச்சன் முடித்தார். அவரைக் குறை சொல்லி என்ன. கூட்டிவந்த சாட்சியே கைவிரித்தால் அவர் எதை நம்புவார்?

பஸ்ஸில் ஏலிக்குட்டி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். திட்டுவாள், அறைவாள் என்று காத்திருந்தேன். சாலக்குடி நிறுத்தத்தில் இறங்கிப்போய் டீயும் பழம்பொரியும் வாங்கிவந்து என் கையில் கொடுத்தாள்.

"சாப்பிடு. காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல."

"சேச்சி, நான்..."

"விடு. உனக்கும் பொழப்பு இருக்கு. பாப்பச்சன காட்டிக்குடுத்தா அவன் உன்னை வேலையில வைப்பானா?"

நான் பயந்தது பாப்பச்சனுக்கு என்று அவளே எனக்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டு பழம்பொரியைத் தின்றேன். முழுவதும் தின்றேன். அங்கமாலி தாண்டும்போதுதான் அது என் புத்தியில் தட்டியது. சென்னையிலிருந்து ஒரு பெண் வருவாள், அவள் மேல் நான் வரைந்தேன் என்று சொல்லியிருக்கலாம். பொய்தான், ஆனால் பாதிக்கு மேல் நிஜம். எனக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, குழந்தையும் அவளிடம் இருந்திருக்கும். ஒரு சின்னப் பொய். வாழ்க்கை முழுக்கப் பொய் சொன்ன எனக்கு, தேவைப்பட்ட அந்த ஒரு நிமிஷத்தில் அது வரவில்லை. பஸ்ஸை நிறுத்தி இறங்கித் திரும்ப ஓடலாமா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அடுத்த படம் மூன்று வாரத்தில் ஆரம்பித்தது. அதே பங்களா. நாலாம் நாள் மதியச் சாப்பாடு முடிந்தது. ஏலிக்குட்டி லாட்ஜுக்குப் போகட்டும் என்று நான் பின்னறையில் காத்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு அவளே வந்தாள், பின்னால் பாப்பச்சன் சார். அவர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"வல்சலே, இனிமே டூப்புக்கு அலைய வேண்டாம். மதுரிமாவே பண்றாளாம்!" என்று சொல்லிவிட்டு, லைட்காரர்களைக் கூப்பிட ஓடினார்.

ஏலிக்குட்டி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் தினமும் நெஞ்சுவரை இழுத்துக் கட்டுகிற துண்டு அன்று மடியில் கிடந்தது.

"வேண்டாம் சேச்சி" என்றேன். "ஜின்சி..."

"ஜின்சிக்காகத்தானே மூடிவச்சேன். அவதான் போயிட்டாளே. இனி யாருக்காக?" அவள் குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. சந்தையில் விலை கேட்கிற குரல். "செய்யாத தப்புக்கு அடி வாங்கியாச்சு. செஞ்சா இன்னும் என்ன பண்ணிடுவாங்க?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் காலில் விழுந்து, அது நான்தான் என்று கதறியிருக்கலாம். அச்சனிடம் திரும்பிப் போகவும் நேரம் இருந்தது. நெஞ்சுக்குழிவரை வந்தது, சத்தியமாக வந்தது. பவுடர் டப்பாவைத் திறந்தேன்.

"வல்சலா" என்றாள் அவள், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து. "இத்தன நாள் பிட்டுல நடிச்ச பொண்ண நீ எப்பவாவது பாத்திருக்கியா?"

"பா... பாத்ததில்ல."

"பாத்தா சொல்லு. அவ சோத்துல நான் மண்ணப் போட்டுட்டேன். அவளுக்கும் புள்ள குட்டி இருக்கும். என்மேல வருத்தப்பட வேண்டாம்னு சொல்லு."

"சொல்றேன் சேச்சி" என்றேன். வெளியே லைட் ரெடி என்று கூப்பிட்டார்கள். ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து, அவள் தோளிலிருந்து ஆரம்பித்தேன்.