போதும் என்ற சொல்

…போதும்மா என்றாளா, இல்லை என் காதுதான் ஏமாற்றுகிறதா, தட்டில் அரை ரொட்டி அப்படியே கிடக்கிறது, சம்பல்கூட மிச்சம், ஒன்பது வருஷத்தில் என் மகள் ஜெசீகாவின் தட்டில் மிச்சம் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை, 'என்னடி சொன்ன?' என்றால், 'போதும்மா, வயிறு நெறஞ்சிருச்சு' என்று கை கழுவப் போய்விட்டாள், ஏதோ தினமும் சொல்கிற மாதிரி! ஜெயித்துவிட்டோம்… இந்த மடுல்சீமை மலை முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருக்கிறது. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பெரியாயி அக்காவைத்தான் முதலில் கூப்பிட வேண்டும், 'அகஸ்டினா, ஒம்புள்ள வயித்துல பேய் குந்தியிருக்கு' என்று சொன்னவள் அல்லவா, வந்து பாருங்கக்கா, பேய் அரை ரொட்டியோடு எழுந்து போய்விட்டது.

பேயுமில்லை, பேராசையுமில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் நளீரா எவ்வளவு பொறுமையாகச் சொன்னார்… உடம்பிலுள்ள கொழுப்பு சும்மா கிடப்பதில்லையாம், லெப்டின் என்று ஒரு புரதத்தை இரத்தத்தில் விடுமாம், இங்கே சேமிப்பு இருக்கிறது, போதும் என்று மூளைக்குச் சொல்வது அதுதானாம், 'ஒங்க பிள்ளைக்குப் பிறந்ததிலருந்தே அது இல்லம்மா, ஒடம்பு பெருத்தாலும் மூளை பட்டினின்னுதான் நெனைக்குது.' பட்டினியா? என் பிள்ளை பட்டினியிலா இருந்தாள்? திருடித் தின்கிறாள் என்று கொழுந்து பறிக்கிற இந்தக் கையால்தானே அடித்தேன், ரொட்டி மா வாளிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் செபமாலையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டேன், அவள் பசியில் அழுதாள், நான் அவளுக்குப் புத்தி வரவேண்டுமென்று செபம் சொன்னேன்… அந்தப் புரதத்தையே மருந்தாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள், குளிரில் வைக்க வேண்டுமாம், ஹுமைத் நானா கடை பிரிட்ஜில், யோகட் கப்புகளுக்கு நடுவில் இருக்கிறது, தினமும் ஒரு ஊசி, இன்றோடு பத்தொன்பது நாள்.

பூட்டைக் கழற்றி, சாவியோடு சேர்த்து ஜன்னல் வழியே தேயிலைக்குள் எறிகிறேன், வாளி திறந்தே கிடக்கட்டும்! ஜெசீகா ஈரக் கையோடு வந்து தட்டை என் பக்கம் தள்ளுகிறாள், 'நீ தின்னும்மா.' எனக்குப் போதும் என்று சொல்ல வாய் தானாகத் திறக்கிறது… இத்தனை வருஷமும் என் ரொட்டியில் பாதியை அவளுக்குத் தள்ளிவிட்டுச் சொன்ன அதே போதும். ஒருநாளாவது அது உண்மையாக இருந்ததா? என் உடம்பு போதாது என்று சரியாகத்தான் சொல்லியிருக்கும், நான்தான் காது கொடுக்கவில்லையோ… ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறேன். பசிக்கிறது.