கதவில் எழுதிய எண்

“பொழுதுபோக்குனு ஒரு வரி இருக்கு தம்பி. என்ன போடட்டும்?”

அப்பா மேயராக இருந்தபோது அவருக்கு உதவியாளராக இருந்தவர், இரங்கல் கூட்டத்தில் வாசிக்கவேண்டிய தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார். கூடத்து நடுவில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள்.

“புத்தகம் வாசிக்கிறது, சங்கீதம்,” என்றான் மகன்.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். “உங்கப்பா எந்தக் காலத்துலடா புத்தகத்தைத் தொட்டாரு?”

தொட்டதெல்லாம் ஸ்பேனர்தான். பத்து வருஷ மேயர் பதவியில் அந்த மனிதர் கட்டியது முப்பத்திரண்டு பொதுக் கழிப்பறைகள். ஞாயிற்றுக்கிழமையானால் பையில் வாஷர்களைப் போட்டுக்கொண்டு, எங்கே குழாய் ஒழுகுகிறது என்று கிளம்பிவிடுவார். பள்ளியில் இவனுக்குப் பெயரே ‘கக்கூஸ் மேயர் மகன்’. பக்கத்தில் உட்காருகிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உட்காருவான். தினமும் மானம் கப்பலேறியது.

அதனால் சாதனைகள் என்ற இடத்தில் ஒரு பாலத்தையும் பூங்காவையும் சொல்லியிருந்தான். பாலம் முந்தைய மேயர் கட்டியது. உதவியாளருக்கும் அது தெரியும். இருந்தும் எழுதிக்கொண்டார்.

அப்போது மார்க்கெட்டில் காய் விற்கும் ஒருத்தி உள்ளே வந்தாள். அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு, அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஐயா கட்டிக் குடுக்கறதுக்கு முன்னாடி பொழுது சாயற வரைக்கும் தண்ணி குடிக்காம கெடப்போம்மா. குடிச்சா எங்க போறது? கக்கூஸ் கதவு உள்பக்கம் உங்க வீட்டு போன் நம்பரை ஐயாவே எழுதி வச்சிருந்தாரு, தண்ணி வரலைன்னா கூப்பிடுங்கன்னு.”

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஒரு தடவை மூணு நாளு தண்ணியில்ல. கூப்பிட்டா யாரோ ஒரு பையன் எடுத்து, தப்பான நம்பர்னு வச்சிட்டான். மூணு நாளும் அதே பையன். ஐயாவைப் பார்த்து சொன்னேன். அப்புறம், ‘நான்தாம்மா நம்பரைத் தப்பா எழுதிட்டேன்’னு பெயிண்ட் டப்பாவோட வந்து அதே நம்பரை மறுபடி எழுதினாரு, பாவம்.”

அவனுக்கு அந்த ராத்திரிச் சாப்பாடு ஞாபகம் வந்தது. அப்பாவின் விரல்களில் நீல பெயிண்ட் இருந்தது.

“போன் எதாச்சும் வந்துச்சாடா?”

“இல்லப்பா.”

“சரி. அப்ப எல்லாக் குழாயும் நல்லா ஓடுதுபோல,” என்று சொல்லிவிட்டு, தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து இவன் தட்டில் வைத்தார்.

அதை அவன் ருசித்துச் சாப்பிட்டிருந்தான். சீ, என்று வந்தது அவனுக்கு. எழுந்து எங்கே போவதென்று தெரியவில்லை.

மூலையில் போன் அடித்தது. யாரும் அசையவில்லை. நாலாவது மணிக்கு அவன்தான் போய் எடுத்தான்.

“மேயர் வீடுங்களா? பஸ் ஸ்டாண்டு லேடீஸ் பக்கம் தண்ணி வரலைங்க.”

சாவுச் செய்தி இன்னும் பேசியவளுக்கு எட்டவில்லை. அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

“ஹலோ? நம்பர் தப்புங்களா?”

“இல்லம்மா,” என்றான். “சரியான நம்பர்தான். எந்தக் குழாய், சொல்லுங்க.”

கையை நீட்டினான். உதவியாளர் பேனாவோடு தாளையும் கொடுத்தார். புத்தகம், சங்கீதம் என்று எழுதியிருந்த வரியின் மேலேயே அவன் எழுதத் தொடங்கினான்.