கண்ணளவில் தைத்த கோட்டு

நன்னிலம் கடைத்தெருவில் மீரா சாகிபின் தையல்கடையில் இஞ்ச் டேப் ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் அது எல்லோருக்குமானது இல்லை. மிராசுதார், வாத்தியார், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா என்று மூன்று படி ஏறி உள்ளே வருகிறவர்களுக்கு டேப். படிக்குக் கீழே தெருவிலேயே நின்றுகொள்ளும் பண்ணையாட்களுக்குக் கண்ணளவு. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்டால் மீரா சாகிபுக்கே சொல்லத் தெரியாது. மிராசுதார் ரெங்கசாமி வீட்டுத் தீபாவளித் துணி மொத்தமும் இந்தக் கடைக்குத்தான் வரும். அதே டேப் சேரி ஆளின் தோளிலும் படுகிறது என்று அவர் காதுக்குப் போய்விட்டால் அந்த மூட்டை அடுத்த கடைக்குப் போய்விடும். எதற்கு வம்பு என்று இருந்துவிட்டார். இருந்ததோடு விட்டாரா? "எனக்கு டேப்பே தேவையில்ல. ஆளை ஒரு பார்வை பாத்தாப் போதும், அரை இஞ்ச் பிசகாது" என்று டீக்கடையில் பெருமை வேறு. பயத்தைத் திறமை என்று மாற்றிச் சொல்ல மனுஷனுக்கு எவ்வளவு நேரமாகும்? அவருக்கு இருபத்தைந்து வருஷமாயிற்று, முழுசாக நம்பியும் விட்டார்.

எழுபத்தைந்தாம் வருஷம் புரட்டாசியில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் நாகநாதன் கடைக்கு வந்தார்.

"பாய், நம்ம கீழக்குடி அம்சம் ஜெர்மனிக்குப் போவுது. பெர்லின்ல உலகப் பெண்கள் மாநாடு. ஊடு கட்ற செங்கல்லு மாதிரி குளிருமாம். கம்பளியில ஒரு கோட்டு வேணும்."

"குளிரு செங்கல்லு மாதிரியா இருக்கும்?"

"எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? நானும் போனதில்ல பாய்."

அம்சத்தை மீரா சாகிபுக்குத் தெரியும். முப்பத்தைந்து வயது, நடவு நடுகிறவள். போன அறுப்பில் ரெங்கசாமி பண்ணையில் கூலிக்காக வேலைநிறுத்தம் நடந்தபோது களத்துமேட்டில் ஏறி நின்று பேசினாள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் நன்னிலம் முழுக்கத் தேடினாலும் கம்பளித் துணி கிடைக்காது. யோசித்துப் பார்த்தவருக்கு அதிராம்பட்டினத்தில் இருக்கும் தன் அக்காள் லத்தீஃபாவின் நினைவு வந்தது.

லத்தீஃபாவின் புருஷனுக்குச் சைகோனில் ஜவுளிக்கடை. நல்ல வியாபாரம் நடந்த காலத்தில் ஒருமுறை அவளைப் பாரிஸுக்குக் கூட்டிப்போய், மெசோன் வெல்மோர் என்ற பெரிய துணிமாளிகையில் ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார். புருஷன் மவுத்தானார், கடை போயிற்று. லத்தீஃபா ஊருக்குத் திரும்பியபோது அந்தக் கோட்டும் கூடவே வந்தது. அதிராம்பட்டினத்து வெக்கையில் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தாலே வேர்க்கும். தம்பி கேட்டதும் மறு பேச்சில்லாமல் கொடுத்துவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "நீ தச்சு முடி. ஆனா நான் வந்து அந்தப் புள்ள மேல போட்டுப் பாத்துத்தான் அனுப்புவேன். உடுத்தத் தெரியாம உடுத்துனா கோட்டு இல்ல அது, கோணி."

கோட்டைப் பிரித்த நாலு நாளும் மீரா சாகிப் தரையில் இல்லை. கரும்பச்சைக் கம்பளி. உள்ளே பட்டு. கையால் போட்ட தையல் ஒவ்வொன்றும் எறும்பு ஊர்ந்த மாதிரி. அடிமடிப்பைப் பிரித்தபோது உள்ளே ஒரு மெல்லிய சங்கிலி சுற்றிலும் ஓடியது. துணி காற்றில் தூக்காமல் நேராக விழுவதற்காக ஒருத்தி உட்கார்ந்து யாருக்கும் தெரியாத இடத்தில் சங்கிலி வைத்துத் தைத்திருக்கிறாள்! மீரா சாகிப் அதைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அப்படிப்பட்ட வேலையின் மேல் அழுக்குக் கையோடு உட்கார அவருக்கு மனம் வரவில்லை.

லத்தீஃபா உயரம், அகலமும் உண்டு. அம்சம் சின்ன ஆள். அளவு கொடுக்க அவள் வந்தபோது வழக்கம்போல் தெருவில் நின்றாள். இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி. மீரா சாகிப் ஒரு பார்வை பார்த்தார். முதுகு பதிமூன்று இஞ்ச் என்று கண் சொல்லிவிட்டது. முதுகில் மூன்று இஞ்ச் பட்டையை நீளவாக்கில் வெட்டி எடுத்தார், கையைச் சுருக்கினார், அடியைக் குறைத்தார். வெட்டிய துண்டுகளை எறிய மனமில்லாமல் சுருட்டி வைத்துக்கொண்டார்.

அம்சம் மெட்ராசுக்கு ரயிலேறுவதற்கு முதல் நாள் காலை வண்டியில் லத்தீஃபா வந்து இறங்கினாள். அம்சமும் புருஷன் கண்ணுசாமியும் சேற்றைக் கழுவிக்கொண்டு வந்து படிக்குக் கீழே நின்றார்கள்.

"அங்கன நின்னா கோட்டை எப்படிப் போடுறது? ஏறி வா புள்ள" என்றாள் லத்தீஃபா.

அம்சம் மீரா சாகிபைப் பார்த்தாள். மீரா சாகிப் தெருவைப் பார்த்தார். லத்தீஃபா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "தம்பி, இது யார் கோட்டு?" என்று கேட்டாள். மீரா சாகிப் நகர்ந்து வழி விட்டார். அம்சம் ஏறி வந்தாள். கண்ணுசாமி கீழேயே நின்றுகொண்டான்.

கோட்டைப் போட்டதும் மீரா சாகிபுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வார்த்து எடுத்த மாதிரி பொருந்தியிருந்தது. கை கட்டி நின்ற அம்சத்தின் தோளில் ஒரு சுருக்கம் இல்லை.

"எப்படி லாத்தா? கண்ணளவு!" என்று அக்காளைப் பார்த்துக் கேட்டார்.

லத்தீஃபாவின் கவலை வேறு. "சீலைதான் ஒதைக்குது. பச்சைக் கோட்டுக்கு இப்படி ரத்தச் செவப்பா? கிளி மாதிரில்ல இருக்கு?"

"சங்கத்துல எடுத்துக் குடுத்த சீலைங்க" என்றாள் அம்சம். "செவப்புதான் கட்டுவேன்."

"அட, கட்டிக்க. கட்டுற விதத்துல கட்டு." லத்தீஃபா முந்தானையை இழுத்துக் கோட்டுக்குள்ளே இடுப்பைச் சுற்றிச் செருகினாள். கொசுவத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். கழுத்துப் பட்டையை நிமிர்த்தி, அங்கே மட்டும் இரண்டு விரல்கடை சிவப்பு வெளியே தெரியும்படி விட்டாள். எட்டி நின்று பார்த்தாள். "இப்பச் சரி. மேல் பொத்தானைப் போடாத. ரெண்டாவதுலேருந்து போடு." அம்சம் கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நாகநாதன் ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு" என்றார் மீரா சாகிப். "உள்ள இருக்கிற இந்தப் பாரிஸ் லேபிளைப் பிரிச்சிரணுமாம். பணக்காரன் சரக்கைப் போட்டுக்கிட்டு பாட்டாளிகள் மாநாட்டுக்குப் போவக் கூடாதாம்."

லத்தீஃபாவின் முகம் மாறுவதைப் பார்த்து அம்சம் முந்திக்கொண்டாள். "வேணாம் பாய், இருக்கட்டும். வாங்குனவங்கதானே பணக்காரங்க. தச்சவங்க கூலிக்காரங்கதானே? அவுங்க பேரா எனக்குத் தெரியப்போவுது, இதாவது இருக்கட்டும்."

லத்தீஃபா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "சரி, பேசு."

"என்னங்க பேசுறது?"

"அங்க போய்ப் பேசப்போறதை. என்னைய அந்தக் கடையில நாலு தடவை வரச்சொன்னாங்க. ஒரு பொம்பளை வாய் நெறயக் குண்டூசியைக் கவ்விக்கிட்டு, ஒக்காருங்கறா, எந்திரிங்கறா, மாடிப்படி எறங்கச் சொல்றா, காப்பிக் கோப்பையைத் தூக்கச் சொல்றா. சும்மா நிக்கிறதுக்கா கோட்டு? நீ என்ன வேலைக்குப் போறியோ அதைச் செஞ்சு காட்டு."

அம்சம் கண்ணுசாமியைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் தஞ்சாவூர் ஜில்லாவுலேருந்து வர்றேன். நாத்துப் பறிக்கிறது, நடுறது, களையெடுக்கிறது எங்க வேலை. ஆம்பளைக்கு அளக்கிற கூலியில எங்களுக்குப் பாதிதான் அளந்தாங்க. சேறு ஒண்ணுதான், வெயிலும் ஒண்ணுதான். ஏன் பாதின்னு கேட்டோம். கேட்டதுக்கு ஊட்டைக் கொளுத்துவோம்னாங்க. கொளுத்துங்கன்னோம். நாலு நாளு யாரும் அருவாளைத் தொடல. அஞ்சாம் நாளு கூலி ஏறுச்சு." குரல் ஏறிக்கொண்டே வந்தது. கட்டியிருந்த கை அவிழ்ந்தது. "உச்சவரம்புச் சட்டத்துல எங்க ஊர்ல நெலம் பிரிச்சாங்க. எனக்கு ரெண்டு மா வந்துச்சு. பட்டா எம்பேர்ல இருக்கு. கேட்டுக்குங்க, எம் புருஷன் பேர்ல இல்ல, எம்பேர்ல!"

நிமிர்ந்தாள். வலது கை மேலே போயிற்று. முதுகில் சர்ரென்று ஒரு சத்தம்.

கோட்டு தோளிலிருந்து நடுமுதுகு வரை பிளந்து, பட்டு வெளியே தொங்கியது.

அம்சத்தின் கை அப்படியே கீழே விழுந்தது. தோள் பழையபடி குறுகியது. "அய்யோ பாய், எம் மேலதான் தப்பு. நான் ரொம்ப விரைச்சுக்கிட்டேன்." கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "தைச்சுக் குடுத்துருங்க பாய். நான் கையத் தூக்காமப் பேசிட்டு வந்துர்றேன். இப்படி ஒடுங்கி நின்னா பிரியாதுல்ல?" என்று மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு காட்டினாள்.

கட்டிக்கொண்டதும் கோட்டு மறுபடியும் அழகாகப் பொருந்தியது. அதைப் பார்த்தபோதுதான் மீரா சாகிபுக்கு உறைத்தது. அவர் அளந்தது அம்சத்தை இல்லை. படிக்குக் கீழே நிற்கிற அம்சத்தை. அவமானம் காதுவரை சுட்டது. இப்படி ஒட்டுப்போட்டு அனுப்பினால் கடல் கடந்து போயும் அவள் இந்தக் கடைத்தெருவில் நிற்கிற மாதிரிதான் நின்று பேச வேண்டும்.

"கோட்டைக் கழட்டும்மா" என்றார். போய் ஆணியிலிருந்து டேப்பை எடுத்தார். "லாத்தா, நீ பிடி. நான் எழுதிக்கிறேன். அம்சம், நீ திரும்பப் பேசு. கையத் தூக்கிப் பேசு."

"பாய், வெளிய..." என்றாள் அம்சம்.

வெளியே ரெங்கசாமியின் காரியக்காரர் காயாரோகணம் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டிருந்தார். அவர் கண் டேப்பின் மேல் இருந்தது. மீரா சாகிப் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே மிராசுதார் வீட்டு மூட்டை இன்னும் பிரிக்காமல் இருந்தது.

"எங்கேருந்து அளக்கணும் தம்பி, சொல்ல மாட்டேங்கிற?" என்றாள் லத்தீஃபா, தெருவுக்கும் கேட்கும்படி.

"சொல்றேன் லாத்தா. நீ முதுகுலேருந்து ஆரம்பி. அம்சம், பேசு."

அம்சம் இம்முறை தரையைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துப் பேசினாள். எம்பேர்ல என்று கை மேலே போனபோது லத்தீஃபா டேப்பை நீட்டிப் பிடித்தாள். பதினைந்தேகால். இருபத்தைந்து வருஷப் பெருமை இரண்டேகால் இஞ்சில் போயிற்று. காயாரோகணம் பேச்சு முடிகிறவரை நின்று கேட்டுவிட்டு சைக்கிளை மிதித்துப் போனார். போய் என்ன சொல்வார் என்று தெரிந்ததுதான். சொல்லட்டும் என்று மீரா சாகிப் மிஷினில் உட்கார்ந்தார்.

வெட்டிய பட்டையை முதுகிலேயே திரும்ப வைத்தார். சும்மா நின்றால் மடிந்து கிடக்கும், கையைத் தூக்கினால் விரிந்து கொடுக்கும். அக்குள் இரண்டிலும், ஜிப்பாவுக்கு வைக்கிற மாதிரி, சதுரமாக ஒரு துண்டு வைத்தார். லத்தீஃபா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே கிழிந்த பட்டுத் துணியை இணைத்தாள். ஓரத்தில் உட்கார்ந்த அம்சம் ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தாள். சாயங்கால வெயில் கடைக்குள் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அம்சம் போட்டுக்கொண்டாள். கையைத் தூக்கினாள். முதுகு மெல்ல விரிந்து, கை இறங்கியதும் மூடிக்கொண்டது. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை தூக்கினாள். பிறகு இரண்டு கையையும் தூக்கினாள். பிறகு சிரித்தாள், இந்தத் தடவை வாயை மூடிக்கொள்ளவில்லை.

"இப்படித்தான் தம்பி, பாரிஸ்காரி தோத்தா!" என்று லத்தீஃபா தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மீரா சாகிபுக்கும்தான்.

"ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் பாய்" என்றாள் அம்சம், கோட்டை மடித்துக்கொண்டே. "எங்க தெருவுல நீங்க தச்ச சட்டை எதுவும் ரெண்டு மாசம் தாங்காது. எல்லாம் ஒரே எடத்துல, நடுமுதுகுலதான் பிரியும். முரட்டு ஒடம்பு, எங்க மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம்." வெளியே காட்டினாள். "இவரு போட்டிருக்கிறதும் நீங்க தச்சதுதான்."

கண்ணுசாமி சங்கடத்தோடு சுவரில் முதுகைச் சாய்த்து மறைத்துக்கொண்டான்.

மீரா சாகிபும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சேரிக்கு எதைத் தைத்தாலும் கிழித்துவிடுவார்கள் என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பார். எத்தனை சட்டை! எத்தனை முதுகு! டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படிவரை வந்தார்.

"கண்ணுசாமி" என்றார். அதுவரை அந்தப் பெயருக்குப் பின்னால் அவர் போட்டறியாத மரியாதையைப் போட்டார். "மேல ஏறி வாங்க."

கண்ணுசாமி பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு ஏறி வந்து, வழக்கப்படி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மீரா சாகிப் அவன் பின்னால் போய், டேப்பைப் பிரித்துத் தோளில் வைத்தார்.

"நிமிந்து நில்லுங்க" என்றார். "கையைத் தூக்குங்க."